கொடைக்கு அடைத்த கடை

குற்றாலம் ஐந்தருவியில் தலையில் ஈரத் துண்டும் காதில் போனுமாக அவர் நின்ற கோலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பு மினுமினுக்க, அருவிச் சத்தத்தில் எதிர்ப்பக்கம் பேசுவது கேட்காமல் மற்றொரு காதைப் பொத்திக்கொண்டு, பஜ்ஜிக் கடைகளையும் பழக் கடைகளையும் தாண்டி ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பை நிறைய மங்குஸ்தான் பழத்தோடு திரும்பி வந்தார். "என்ன தம்பி, சைட்ல இருந்தா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மைனி. ஜல்லி லாரி வரலன்னு பொலம்புதானுவ. லீவுல வந்தாலும் விடமாட்டானுவ" என்று சொல்லிக்கொண்டே ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உடைத்து என்னிடம் நீட்டினார். நானும் வாங்கித் தின்றேன். அந்த நேரத்தில் எங்கள் கடையை இடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும், போனில் வந்த சேதியே அதுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தென்காசியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய அம்மா இன்னும் இலஞ்சிப் பக்கம்தான் இருக்கிறார், அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நகரத்தின் பெயரும் வேண்டாம். பாதி தூரம் தலைக்கு மேலேயும் பாதி தூரம் பூமிக்கு அடியிலும் ரயில் ஓடுகிற ஒரு பெரிய நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான கையோடு அங்கே போனவர்கள். ஒரு நெரிசலான தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தோம். எங்கள் வரிசையில் இருந்த கடைகள் எல்லாமே நம்ம பக்கத்து ஆட்களுடையவை. ஒருவர் பாவூர்சத்திரம், ஒருவர் கடையம், எண்ணெய்க் கடைக்காரர் புளியங்குடி. அந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் பெயரெல்லாம் தெரியாது, எல்லாமே அண்ணாச்சி கடைதான். கல்லாவில் நான் உட்கார்ந்திருந்தாலும் "அண்ணாச்சி, அரைக்கிலோ உளுந்து" என்றுதான் கேட்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எங்கள் தெருப் பக்கமும் ரயில் வரப்போகிறது என்று பேச்சு அடிபட ஆரம்பித்த நாட்களில்தான் அவர் கடைக்கு வந்தார். தலையில் தொப்பி, மேலே பளபளக்கும் பச்சைச் சட்டை, முழங்கால் வரைக்கும் களிமண் ஒட்டிய பூட்ஸ். "கருப்பட்டி இருக்கா? உடன்குடிச் சரக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே என் வீட்டுக்காரர் கவிழ்ந்துவிட்டார். "எந்த ஊருவே?" என்று இவர் கேட்க, "இலஞ்சி அண்ணாச்சி" என்று அவர் சொல்ல, பிறகு அரை மணி நேரம் வியாபாரமே நடக்கவில்லை. நின்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுரங்கம் தோண்டுகிற பகுதிக்கு அவர்தான் பொறுப்பாம். அத்தனை பெரிய வேலையில் இருக்கிற ஆள், தரையில் கிடந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அவருக்கு அண்ணாச்சி, நான் மைனி, அதாவது அண்ணி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். சொதி வைத்தால் மட்டும் நாலு தடவை சோறு கேட்பார். அவர் மனைவி அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தேங்காய்ப்பால் குழம்பில் காய்கறியைப் போட்டுச் சோற்றில் ஊற்றுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "மைனிகிட்ட கத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லியே அவளிடம் எனக்கு ஒரு பகையை உண்டாக்கி வைத்தார் மனுஷன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்காரர். ஒரு ஆயுத பூஜைக்கு எங்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போனார். பொரி, கடலை, வெல்லம் எல்லாம் எங்கள் கடையில்தான் எடுத்தார். இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கினால் ஒரு தேர் நிற்கிற அளவுக்குப் பெரிய வட்டமான இயந்திரம், அதன் மூஞ்சியில் சந்தனமும் குங்குமமும். பீகாரில் இருந்து வந்த பையன்கள் வரிசையாக நின்று திருநீறு பூசிக்கொண்டார்கள். மண்ணைக் குடைந்துகொண்டே போகும், பின்னாலேயே காங்கிரீட் வளையத்தை மாட்டிக்கொண்டே வரும், மேலே இருக்கிறவனுக்குக் காப்பி டம்ளர்கூட ஆடாது என்று விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சியும், ஈரமண் வாசனையும், நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு ஆள் அத்தனை பேரை வேலை வாங்குவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. மேலே ஏறி வந்ததும் எண்ணெய்க் கடைக்காரரிடம் போய், "நம்ம தம்பி ஒரு சொல்லு சொன்னா மிஷினே நிக்குது" என்று என் வீட்டுக்காரர் பீற்றிக்கொண்டார்.

வேலை எங்கள் தெருவை நெருங்கியது. எங்களுக்கு எதிர் வரிசையில் இருந்த கடைகளின் சுவரில் ஒருநாள் வந்து ஏதோ சின்னக் கருவிகளைப் பதித்தார்கள். பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். சுவரில் முடியளவு விரிசல் விட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடுமாம். எதிரே தையல் கடை வைத்திருந்தவருக்கு அன்றே காய்ச்சல் வந்துவிட்டது. எண் போட்ட கடைக்கெல்லாம் ஆபத்து, போடாத கடை தப்பித்தது என்று தெருவே முடிவு கட்டியது. எங்கள் வரிசையில் ஒரு சுவரில்கூட எண் இல்லை. அன்று சாயங்காலம் அவர் வந்தபோது என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வரிசைக்கு நம்பரே போடலியே தம்பி, நீங்கதான ஏற்பாடு பண்ணுனீய?" என்று கேட்டார். அவர் எதிர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஒங்க வரிசைக்கு அந்தக் கருவியெல்லாம் தேவை இல்ல அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஆடி பிறந்தது. வெளியூரில் கடை வைத்திருக்கிற நம்ம ஆட்களைப் பற்றி நம்ம ஆட்களுக்குத்தான் தெரியும். தீபாவளிக்குக்கூடக் கடையை அடைக்க மாட்டோம், காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு கதவையாவது திறந்து வைப்போம். ஆனால் ஊரில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா என்றால் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு, குடும்பத்தோடு ரயில் ஏறிவிடுவோம். எங்களுக்குக் கீழப்பாவூர் தாண்டி ஒரு சின்னக் கோயில். எங்கள் வரிசையில் எல்லாக் கடைக்காரர்களுக்கும் அதே வாரத்தில்தான் கொடை. அந்த நாட்களில் எங்கள் வரிசை முழுக்க அடைத்துக் கிடக்கும். அடைக்கும்போது சாவியை எந்த அக்கம்பக்கத்தானிடமும் கொடுக்க மாட்டோம். ஊருக்கு வராத ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தால் அவனிடம்தான் கொடுப்போம்.

கொடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் வந்து பக்குவமாகப் பேசினார். "அண்ணாச்சி, நீங்க கொடைக்குப் போற வாரத்துலதான் இங்கன முக்கியமான வேலை நடக்கப்போவுது. லேசா அதிரும். பலகைல இருக்க பாட்டில், டப்பா எல்லாம் விழுந்து ஒடைஞ்சா ஒங்களுக்குத்தான நட்டம்? சரக்க எல்லாம் எங்க சைட் கொட்டகைல எறக்கி வச்சிருங்க. லாரி நான் தாரேன், ஆளும் தாரேன். சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்." என் வீட்டுக்காரர் எங்கள் வரிசை முழுக்க ஏறி இறங்கி எல்லோரையும் சம்மதிக்க வைத்தார். கடையத்துக்காரர் மட்டும் கொஞ்சம் இழுத்தார். "நம்ம தம்பிவே, நமக்குக் கெடுதல் செய்வாரா?" என்று சொல்லி அவரையும் இவரே சரிக்கட்டினார். எங்கள் கடையை நாங்களே துடைத்து வைத்தாற்போல் காலி செய்தோம். சாமி படத்தை மட்டும் நான் பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். எல்லாச் சாவியும் அவர் கைக்குப் போனது. சாவியை அவர் தன் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, "நானும் லீவு போட்டுட்டு ஒங்ககூடயே வாரேன் மைனி, அம்மாவப் பாத்து நாளாச்சு" என்று எங்களோடு ரயிலிலும் ஏறினார்.

கொடை நன்றாக நடந்தது. அவரும் வந்தார். வில்லுப்பாட்டுக்காரர்களுக்குத் துண்டு போர்த்தினார், பொங்கல் பானைக்கு விறகு தள்ளினார். என் வீட்டுக்காரர் தனியாக ஒரு தேங்காய் வாங்கி, "தம்பியோட மிஷின் நம்ம தெருவுக்கு அடில நல்லபடியா போயிரணும் தாயே" என்று சொல்லி உடைத்தார். அப்போது பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கொடை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். மலையில் சாரல் பிடித்துவிட்டது, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, லாட்ஜில் அறை எடுத்துவிட்டேன் என்று அவர் வந்து நின்றார். ஒருநாள் மெயின் அருவி, ஒருநாள் பழைய அருவி, பிறகு ஐந்தருவி. நாங்கள் பையைக் கட்டும்போதெல்லாம், "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போலாம் மைனி. கடை எங்க ஓடிப்போவுது?" என்பார். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து என் வீட்டுக்காரர் அப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் முதுகைக் கொடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கிப்போனார். அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன என்பதை மறைத்து எழுத முடியாது. அந்தச் சந்தோஷத்தை எனக்குக் கொடுத்ததுதான் அவர் செய்ததிலேயே பெரிய அநியாயம்.

அந்த நகரத்துக்குத் திரும்பியதும் ரயில் நிலையத்தில் இருந்து நேராகக் கடைக்குத்தான் போனோம். எங்கள் வரிசை இருந்த இடத்தில் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் நீலத் தகரம் அடைத்திருந்தது. உள்ளே ஒரு மண்வெட்டும் இயந்திரம் குழி தோண்டிக்கொண்டிருந்தது. தெரு மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து நான் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். தையல்காரர் தன் கடை வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து அழுதார். அவர் சுவரில் அந்தக் கருவியும் எண்ணும் அப்படியே இருந்தன. தகரத்துக்கு உள்ளே இருந்து அளவெடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். "எங்க வரிசைக்கு நம்பரே போடலியேம்மா, எப்படி இடிச்சீங்க?" என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "நிக்கப்போற கட்டடத்துக்குத்தானே அக்கா விரிசல் பாக்கணும்? இடிக்கப்போறதுக்கு எதுக்குக் கருவி?" என்றாள். எங்கள் வரிசை இருந்த இடத்தில்தான் நிலத்தடி நிலையத்தின் வாசல் வருகிறதாம். கட்டடச் சொந்தக்காரர் எப்போதோ இடத்தைக் கொடுத்துவிட்டார். நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள், ஆனாலும் உள்ளே சரக்கோடு உட்கார்ந்திருக்கும்வரை எங்களை லேசில் கிளப்பியிருக்க முடியாது. கோர்ட்டுக்குப் போயிருப்போம், தடை வாங்கியிருப்போம், எங்களுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டுக் கை வை என்று மறியல் செய்திருப்போம். கடையைத் துடைத்துக் கொடுத்து, சாவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அதன் பிறகு என்ன வாதாடுவது?

கொட்டகையில் எங்கள் சரக்கு ஒரு பருப்பு குறையாமல் இருந்தது. எலி கடிக்காமல் இருக்கப் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். அவர் உத்தரவாம். அவரை மட்டும் அந்தப் பக்கமே காணவில்லை, போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலைந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். "மேல இருந்து திடீர்னு சொல்லிட்டாவ அண்ணாச்சி. நான் என்ன செய்ய முடியும்?" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். என் வீட்டுக்காரர்தான் என்னைத் தடுத்தார். "ஏட்டி, சும்மா இரி. அவரும் சம்பளத்துக்கு இருக்க ஆளு. அவருக்கு மட்டும் வருத்தம் இல்லாமலா இருக்கும்?" என்றார்.

எங்கள் வரிசைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். கடையத்துக்காரர் கடைசிவரை என் வீட்டுக்காரரிடம் பேசவே இல்லை. நாங்கள் தென்காசிக்கே திரும்பி வந்து, குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு சின்னக் கடை பிடித்தோம். சீசன் நாட்களில் தண்ணீர் பாட்டிலும் சோப்பும் துண்டும் ஓடும், மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நகரத்தில் எங்களைத் தேடி வந்த வாடிக்கைக்காரர்கள், எங்கள் கடையில் கடன் கணக்கில் வாங்கித் தின்று வளர்ந்த பிள்ளைகள், எங்கள் பேருக்கு இருந்த மதிப்பு எதையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியவில்லை. அந்த ரயில் ஓட ஆரம்பித்த அன்று டீவியில் காட்டினார்கள். நகரும் படிக்கட்டில் ஜனங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் டீவியை அணைத்தேன். என் வீட்டுக்காரர் மறுபடி போட்டார். "தம்பி எங்கயாவது நிக்காரான்னு பாக்கேன்" என்றார். எனக்கு என் வீட்டுக்காரர் மேலும் கோபம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு அவரை நம்புகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "கடைசி நேரத்துல நெருக்கிட்டானுவ, அவரு நம்மளக் கைவிடல" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். பிறகுதான் புரிந்தது, என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

போன ஆடியில் கொடைக்கு மறுநாள் மத்தியானம் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் பார்க்க வந்தாராம். பேருந்து நிலையத்துப் பக்கம் பார்த்த என் வீட்டுக்காரர், சாப்பிட வாங்க என்று கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டார். கூட அவர் மகள். பள்ளிக்கூடம் போகிற வயசு, நல்ல உயரம். அவளுக்குக் காது குத்தியது நாங்கள் அங்கே இருந்த காலத்தில்தான். அவள் அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது. "அண்ணாச்சி இருக்கும்போது தாய்மாமனுக்கு என்ன கொறை?" என்று அவரே சொல்லி, பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்தினார்கள். அதிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளுக்குத் துணி எடுத்து அனுப்புவதை இவர் விட்டதே இல்லை. கடை போன வருஷமும் அனுப்பினார். பெண் வீட்டுக்குள் வந்த பிறகும் "மாமா, மாமா" என்று என் வீட்டுக்காரர் கையை விடவில்லை.

இருவருக்கும் இலை போட்டேன். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடாமல் இருக்க நான் இன்னும் பழகவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். "தம்பி, கோபத்துல கேக்கல. எனக்குத் தெரிஞ்சாவணும். எங்க கடைய எடுக்கப் போறாவன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ, வேலை முடிந்துவிட்ட தைரியமோ, நிமிர்ந்து என்னைப் பார்த்தே சொன்னார். "மொதல்லயே தெரியும் மைனி. அந்த வரிசை பூராவும் நம்ம ஊர் ஆளுவன்னு தெரிஞ்சுதான் என்னை அந்த சைட்டுக்கே போட்டாவ. பிரச்சினை இல்லாம காலி பண்ணித் தரணும்னு சொல்லித்தான் அனுப்புனாவ. கருப்பட்டி வாங்க வந்தேன்லா, அதுகூட அதுக்குத்தான்."

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பாயசச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "அப்ப இந்தப் புள்ளைய என் மடியில உக்காத்தி வச்சது?"

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். என் வீட்டுக்காரர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இலையில் பாயசம் ஊற்றினார்.

"தம்பி, நீங்க எந்திச்சுப் போங்க" என்றார். "புள்ள சாப்பிட்டு முடிச்சதும் நான் கொண்டாந்து ஒங்க அம்மா வீட்ல விடுதேன்."

பாதிச் சாப்பாட்டில் அவர் எழுந்தார். நான் தடுக்கவில்லை, கை கழுவத் தண்ணீரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாசலில் அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா எங்கே போகிறார் என்று பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பாமல், "ஒண்ணுமில்ல தாயி, நீ மெதுவா சாப்பிடு" என்றார்.